விளக்கு நம் வீட்டில் – வித்தை யார் கையில்?

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்! கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டை போல் நிற்கும் வீடுகளைப் பார்க்கிறார்கள். பர்மாத் தேக்கில் இழைத்த நிலைகளையும் தூண்களையும் பார்க்கிறார்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசிய சுவரைக் கண்ணாடியோ என்று ஐயுற்றுத் தடவிப் பார்க்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கால் வைக்கவும் கூசுகிறார்கள். படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

யார் வீடு என்று கேளுங்கள் – பெயர் உண்டு, விலாசம் உண்டு, பரம்பரை உண்டு. யார் கட்டியது என்று கேளுங்கள் – பதில் இல்லை! பூச்சு பூசிய கொத்தனாருக்குப் பெயரில்லை. தேக்கைப் பூவாக்கிய தச்சருக்குப் பெயரில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, கல்லைப் பூக்கோலமாக்கிய ஆத்தங்குடித் தொழிலாளிக்குப் பெயரில்லை. வித்தை அவர்களுடையது, வீடு மற்றவருடையது. கை அவர்களுடையது; கீர்த்தி மற்றவருடையது.

பழங்கதை எதற்கு என்கிறீர்களா? புதுக்கதை அதே தடத்தில் போகிறதே, அதற்காகத்தான் தோழர்களே!

புதிய மாளிகை ஒன்று இன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. கல்லால் அல்ல, கதிரவன் ஒளியால் எழும்பும் மாளிகை. காற்றால், மின்கலத்தால், புகையில்லாத மின்சாரத்தால் எழும்பும் மாளிகை. 2030க்குள் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்காமல் கிடைக்கும் மின்திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா உலகுக்குச் சொல்லிற்று. 2025ஆம் ஆண்டின் நடுவில், நாட்டில் நிறுவப்பட்ட மின்திறனில் பாதி அத்தகையது என்ற நிலையும் வந்தது. கிடைக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் என்றாலும், காற்று எந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரியும்.

மாளிகை எழட்டும், மகிழ்வோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் விடமாட்டோம். இந்த மாளிகையில் உழைக்கும் பிள்ளைக்கு என்ன இடம்? திறவுகோல் தரப்போகிறீர்களா, துடைப்பம் தரப்போகிறீர்களா?

*

காரைக்குடிப் பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடை. அண்மையில் அங்கே ஓர் இளைஞரோடு பேச நேர்ந்தது. கல்லல் பக்கத்துச் சிற்றூர். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு, இரண்டாண்டு. தேறியவர். சூரிய மின் நிலையம் கட்டும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் அழைத்துப் போனாராம்.

"என்ன வேலை தம்பி?" என்றோம்.

"பேனல் தூக்குறதுண்ணே. லாரியில இருந்து இறக்கி, ஸ்டாண்டுல வச்சு, போல்ட் முடுக்கணும்."

"வயரிங்?"

"அதுக்கு வெளியூர்ல இருந்து ஆள் வருவாங்கண்ணே."

"இன்வெர்ட்டர்?"

சிரித்தார். "கிட்டயே போகக் கூடாதுண்ணே. கம்பெனி ஆளு மட்டுந்தான்."

மூன்று மாதம் கழிந்தது, வேலை முடிந்தது, ஊருக்கு வந்துவிட்டார். இப்போது சிங்கப்பூர் போக ஏஜெண்டிடம் கடன் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டாண்டு மின்சாரம் படித்தவர் கண்ட பலன், மின்சாரம் தயாரிக்கும் தகட்டைத் தலையில் தூக்கியது!

அவர் சோம்பேறியா? இல்லை. படிக்காதவரா? இல்லை. பின் குறை எங்கே? அவருக்கும் அந்த இன்வெர்ட்டருக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்துவிட யாருக்கும் மனம் வரவில்லை. அங்கேதான் குறை!

வேதனையில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? அவர் தேநீர் குடித்த இடத்திலிருந்து சற்றுத் தொலைவில்தான், கல்லூரிச் சாலையில், அந்த வித்தைக்கே தாய்வீடு ஒன்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொலுவீற்றிருக்கிறது!

*

ஊரார் அதைச் 'சிக்ரி' என்பார்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது முழுப் பெயர். அது இங்கே வந்த கதையை இளைய தோழர்கள் அறிய வேண்டும்.

விடுதலை பெற்ற நாடு ஆய்வுக்கூடங்களை எழுப்பத் தொடங்கிய நேரம். தலைநகரங்கள் கைநீட்டிக் கேட்டன. வானம் பார்த்த பூமியான இந்த வறண்ட சீமைக்கு யார் தருவார்? கோட்டையூர் அழகப்பச் செட்டியார் முன்வந்தார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்நாளைய 15 லட்சம்! 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் வேளையில், அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அழகப்பர் 1947இல் கலைக் கல்லூரி தொடங்கினார். 1952இல் பொறியியல் கல்லூரி தொடங்கினார். 1957இல், ஐம்பது வயதுகூட நிறையாமல், கண்மூடினார். வட்டிக் கடையில் பிறந்த பணம் வகுப்பறையாக மாறிய அதிசயம் அது. செல்வர்களை நாம் எளிதில் புகழ்வதில்லை. ஆனால் கொடுத்தவனைக் கொடுத்தவன் என்று சொல்லத் தயங்கினால் நம் நாக்கு நேர்மையான நாக்கு ஆகாது.

மின்வேதியியல் என்றால் என்ன? பெயர் கண்டு மிரள வேண்டாம். மின்சாரமும் வேதிப்பொருளும் ஒன்றுக்கொன்று உருமாறும் வித்தை. இரும்பு துருப்பிடிப்பது, பாத்திரத்துக்கு முலாம் பூசுவது, பேட்டரி விளக்கெரிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். அன்று அது ஏதோ ஒரு மூலைப் படிப்பு. இன்றோ உலகமே அந்த மூலையில் வந்து நிற்கிறது!

சூரியன் மாலையில் மறைகிறது. காற்று நினைத்தபோது நிற்கிறது. பகலில் பிறந்த மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க வேண்டுமா, பேட்டரி வேண்டும். வண்டி பெட்ரோல் இல்லாமல் ஓட வேண்டுமா, பேட்டரி வேண்டும். லித்தியம் அயனிகள் மின்கலத்துக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்திப் போகின்றன; எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே சுற்றிக்கொண்டு போகின்றன; அந்தச் சுற்றிலேதான் வண்டியும் ஓடுகிறது, விளக்கும் எரிகிறது. மின்சாரத்தைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க வேண்டுமா? அதுவும் மின்வேதியியலே. 2023இல் மைய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டம் அறிவித்து, 2030க்குள் ஆறு லட்சம் வேலை வரும் என்று கணக்குக் காட்டிற்றே, அந்தக் கணக்கின் அரிச்சுவடி காரைக்குடியில் படிக்கப்பட்ட பாடம்!

சிக்ரியின் ஆய்வாளர்கள் லித்தியம் அயனி மின்கலத்தை உள்நாட்டிலேயே செய்யும் முறையை வகுத்தார்கள். 2018இல் அந்த முறை தனியார் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கவும்பட்டது. 1988 முதல் அங்கே மின்வேதிப் பொறியியலில் பி.டெக். பட்டம் படிக்கிறார்கள். பெருமை, பெருமை! நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் நிமிர்ந்த நெஞ்சோடு சுற்றிலும் பார்க்கிறோம். சாக்கோட்டைப் பிள்ளைக்கும் புதுவயல் பிள்ளைக்கும் அந்த மதிற்சுவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியுமா? சீமைக் கருவேலத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டு, புகையில் கண் எரிய உழைக்கிற குடும்பத்துப் பெண், புகையில்லா மின்சாரத்தின் பாடசாலை தன் மாவட்டத்தில் இருப்பதை அறிவாளா? குளத்தங்கரையிலே குடியிருந்தும் தாகத்தோடு தூங்குகிறோமே!

*

1953ஆம் ஆண்டை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். வியப்பான ஆண்டு அது.

ஜனவரியில் காரைக்குடியில் ஆய்வுக்கூடம் திறந்தார்கள். அதே ஆண்டு பள்ளிகள் திறந்தபோது சென்னை மாநிலத்தில் இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள். பாதிப் பொழுது பள்ளி, மீதிப் பொழுது அப்பன் தொழில் என்றார்களே, அந்தக் குலக்கல்வித் திட்டம்! ஒரு கையால் நாளைய அறிவியலுக்குக் கதவு திறந்தார்கள். மறு கையால் வண்ணான் மகன் வெளுக்கட்டும், குயவன் மகன் சட்டி வனையட்டும் என்று கதவைச் சாத்தினார்கள். நாடு கொதித்தது. 1954இல் திட்டம் கைவிடப்பட்டது.

தொழில் கற்பதை நாம் அன்றும் எதிர்க்கவில்லை, இன்றும் எதிர்க்கவில்லை. கைத்தொழிலைக் கேவலம் என்று சொன்னவர்கள் நாம் அல்லவே! 'இன்ன வயிற்றில் பிறந்தாய், ஆகவே இன்ன தொழில்' என்று நெற்றியில் எழுதுவதைத்தான் எதிர்த்தோம். கரி மூட்டியவன் மகள் பேட்டரி செய்யட்டும், மாடு மேய்த்தவன் மகன் காற்றாலை ஏறட்டும், முடி திருத்துகிறவர் மகள் ஹைட்ரஜன் ஆலையை ஆளட்டும் என்பதுதான் நம் கட்சி. தலையெழுத்தை அழிக்கிற தொழிற்கல்வி வேண்டும். தலையெழுத்தைத் தடித்த எழுத்தில் திரும்ப எழுதுகிற தொழிற்கல்வி வேண்டாம்.

பழைய தலையெழுத்து இப்போது புது வேடத்தில் வருகிறது. சாதிப் பெயர் சொல்வதில்லை, 'அன்ஸ்கில்டு' என்கிறது! அப்பன் பெயரைக் கேட்பதில்லை. 'ஒப்பந்த ஆள்' என்கிறது! பெயர் மாறிற்று, படிக்கட்டின் அடிப்படி மாறவில்லை.

*

பக்கத்து மாவட்டம் போய்ப் பார்ப்போம். சிவகங்கையும் இராமநாதபுரமும் 1985 வரை ஒரே மாவட்டம். ஒரே வறட்சியின் இரட்டைப் பிள்ளைகள். அங்கே கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. அந்நாளில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று. 25 லட்சம் தகடுகள். எட்டு மாதம் போலக் கட்டி முடித்தார்கள். 8,500 பேர் உழைத்தார்கள் என்று அன்றைய செய்திகள் கூறின.

8,500 பேர்! எட்டு மாதம்! பிறகு? தகடு துடைக்க ரோபோ வந்துவிட்டது. ரோபோவின் மேல் நமக்குப் பகை இல்லை. வெயிலில் முதுகு வெந்து தகடு துடைக்கும் வேலையை இயந்திரம் செய்யட்டும், நல்லதே. ஆனால் அந்த ரோபோவைப் பழுது பார்ப்பவன் யார்? இன்வெர்ட்டர் நின்றால் எங்கே பழுது என்று கண்டுபிடிப்பவள் யார்? கட்டுப்பாட்டறையில் கணினி முன் உட்காருவது யார்? சூரிய மின் நிலையம் கட்டும்போது ஆயிரம் கை கேட்கும். கட்டி முடித்தபின் பத்துத் தலையைக் கேட்கும். அந்தப் பத்துத் தலையில் நம் ஊர்த் தலை எத்தனை என்பதுதான் கேள்வி. கட்டும்போதே கற்றுக்கொடுக்காவிட்டால், கட்டி முடித்த மறுநாள் நம் ஆள் கேட்டுக்கு வெளியே!

"ஆள் கிடைக்கவில்லை; தேர்ந்தவர் இல்லை" என்கிறார்கள் முதலாளிகள். தேர்ச்சி மரத்தில் காய்க்கிறதா? மழையோடு விழுகிறதா? கற்றுக்கொடுக்காமலே கற்றவன் வேண்டும் என்பது, விதைக்காமலே விளைச்சல் கேட்கும் மிராசுதார் பேச்சு!

சட்டம் இல்லையா? இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961இலேயே வந்தது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை, உதவித்தொகை கொடுத்து, எடுத்தே ஆகவேண்டும் என்று 2019இல் திருத்திய விதி சொல்கிறது. விதி ஏட்டில் இருக்கிறது. பிள்ளை ரோட்டில் இருக்கிறது. ஏட்டையும் ரோட்டையும் இணைப்பது யார் வேலை? நம் வேலை!

*

'இதற்கு என்ன பெரிய படிப்பு? போல்ட் முடுக்கத் தெரிந்தால் போதாதா?' என்று அலட்சியமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சில செய்தி.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், ஏ.சி. நொடிக்கு நூறு முறை அது சுழியைத் தொட்டு எழுகிறது. ஆகவே கம்பி விலகிப் பொறி பறந்தால், அந்தச் சுழியில் பொறி அணைந்துபோக வழி உண்டு. சூரியத் தகட்டிலிருந்து வருவது டி.சி. அதற்குச் சுழியே இல்லை. இணைப்பு சற்றுத் தளர்ந்து பொறி கிளம்பினால், எரிந்துகொண்டே இருக்கும்; கம்பியை உருக்கும்; கூரையைக் கொளுத்தும். பெரிய நிலையங்களில் தகடுகளைத் தொடராகக் கோக்கும்போது 1,000 வோல்ட், 1,500 வோல்ட் வரை போகிறது. இன்னொன்று: வெயில் அடிக்கும்வரை தகடு மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். கீழே சுவிட்சை அணைத்தாலும் மேலே கம்பியில் உயிர் இருக்கும் – தொடுகிறவன் உயிர் போகும்!

பேட்டரி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காரில் இருப்பது பல நூறு வோல்ட். லித்தியம் மின்கலம் உள்ளே சூடேறத் தொடங்கினால், அந்தச் சூடே மேலும் சூட்டைப் பெருக்கி, பக்கத்துக் கலத்துக்கும் தாவித் தீயாகிவிடும். காற்றாலை வேலையோ, எண்பது, நூறு மீட்டர் உயரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த உயரம் என்ன உயரம் என்று.

இந்த வேலைக்கா 'போல்ட் முடுக்கத் தெரிந்தால் போதும்'? அரைகுறைப் பயிற்சியோடு அனுப்பினால் செத்துப்போவது முதலாளி மகன் அல்ல, தோழர்களே – நம் மகன்! ஆகவே திறமை என்பது வெறும் கூலி உயர்வுக் கேள்வி அல்ல; உயிர்க் கேள்வி.

2015இல் மைய அரசு 'சூரியமித்ரா' என்று ஒரு பயிற்சி தொடங்கிற்று. ஐம்பதாயிரம் பேருக்கு, 600 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம். எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்தவருக்கு மேற்பயிற்சியாக அது நல்லது. நாம் குறை கூறவில்லை. ஆனால் மூன்று மாதமே முழுத்தொழில் என்று ஏமாற வேண்டாம். 2024இல் ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடு என்று 75,021 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். 17 லட்சம் வேலை பிறக்கும் என்றார்கள். பிறக்கட்டும். ஆனால் பிறக்கும் வேலை நாலு நாள் கூலியாகப் பிறக்குமா, நாற்பது வருடத் தொழிலாகப் பிறக்குமா? இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்கப் பயனில்லை.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் 'நான் முதல்வன்' வந்தது. 2023இல் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதிய இயந்திரங்களோடு மேம்படுத்தும் வேலை 2,877 கோடி ரூபாயில் நடந்தது. சோலார் டெக்னீஷியன், மின் வாகன மெக்கானிக் என்ற தொழிற்பிரிவுகள் ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஏறிவிட்டன. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானில் 2024இல் உற்பத்தி தொடங்கிய டாட்டா பவர் சூரிய மின்கல ஆலையில் வேலை செய்வோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்! 'இதெல்லாம் ஆம்பிளை வேலை' என்று மீசை முறுக்கியவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வழி தெரிகிறது. ஆனால் வழி தெரிவது வேறு, ஊர் போய்ச் சேர்வது வேறு.

*

சேர்கிறவர்களைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. இழக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

காரைக்குடித் தெருக்களில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தோழரை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடமாகக் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர். சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். பேட்டரி வண்டி வருகிறது. அதற்குச் சத்தமே இல்லை! கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை, ஆயில் மாற்ற வேண்டியதில்லை. அவருடைய முப்பது வருட வித்தை ஒரு காலையில் செல்லாக்காசு ஆக விடலாமா? அவருக்கு ஐ.டி.ஐ.யில் இடம் கொடுக்க முடியாது, வயது தாண்டிவிட்டது. பத்தாவது சான்றிதழ் கேட்டால் அவர் எங்கே போவார்? மாலை நேரத்தில், அவர் பேசும் தமிழில், அவர் கையால் கழற்றி மாட்டிக் கற்கும்படி ஒரு பட்டறை வேண்டும்.

நெய்வேலியை நினைத்துப் பாருங்கள். பல பத்தாண்டுகளாக நிலத்தைத் தோண்டி நமக்கு வெளிச்சம் தந்த ஊர். நிலம் கொடுத்தவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பதை நாடறியும். நிலக்கரியின் காலம் ஒருநாள் முடியும், முடிய வேண்டும். அன்று அந்தத் தொழிலாளியை வாசலில் நிறுத்திக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவதா?

உலகத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1984–85இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஊர் ஊராக வேலை பறிபோனது. அந்தக் காயம் ஒரு தலைமுறை ஆறவில்லை. ஜெர்மனியில் வேறு வழி கண்டார்கள். கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் பாட்ராப் நகரில் மூடினார்கள். மூடும் முடிவை எடுத்தது 2007இல்! பதினோராண்டு அவகாசம். தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, சிலருக்கு முன் ஓய்வு, சிலருக்கு வேறு பயிற்சி, வேறு வேலை என்று ஏற்பாடு செய்தார்கள். கட்டாயப்படுத்தி எவரையும் தெருவில் தள்ளவில்லை. இரண்டு நாட்டிலும் சுரங்கம்தான் மூடிற்று. ஒரு நாட்டில் மட்டும் மனிதரையும் சேர்த்து மூடினார்கள். நாம் எந்த நாட்டைப் பார்த்துப் படிக்கப் போகிறோம்?

*

ஆகவே கேட்கிறோம். கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையோடு கேட்கிறோம்.

முதலாவது: சிக்ரியின் கதவு, பட்டம் படிப்பவருக்குத் திறந்திருப்பதுபோல், பட்டறையில் படிப்பவருக்கும் திறக்கட்டும். குறுகிய காலப் பயிற்சிகளை அவ்வப்போது நடத்துவது போதாது. சுற்று வட்டார ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டில் சில வாரம் அங்கே பேட்டரியைப் பிரித்துப் பூட்டிப் படிக்க நிலையான ஏற்பாடு வேண்டும். 300 ஏக்கர் இந்த மண். அதில் ஒரு மூலைப் பட்டறை இந்த மண்ணின் பிள்ளைக்கு!

இரண்டாவது: பாடம் தமிழில் வேண்டும். இங்கிலீஷ் வேண்டாம் என்றல்ல; பேனலின் முதுகில் ஒட்டியிருப்பதைப் படிக்க இங்கிலீஷும் கற்போம். ஆனால் 'தொட்டால் சாவு' என்ற எச்சரிக்கை, தொடப் போகிறவனுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டாமா?

மூன்றாவது: பழகும்போதே கூலி. பட்டினி வயிற்றோடு எவனும் வித்தை கற்கமாட்டான். பழகுநர் சட்டத்தை ஒவ்வொரு சூரிய மின் நிலையத்திலும் காற்றாலைப் பண்ணையிலும் நடைமுறைப்படுத்துங்கள். உள்ளூர் நிலத்தில் நிலையம் என்றால், உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் பழகுநர் என்ற பட்டியலும் வெளிவர வேண்டும்.

நான்காவது: தெரிந்த தொழிலுக்குச் சான்றிதழ். பத்து வருடம் வயரிங் செய்தவரிடம் "சான்று எங்கே?" என்று கேட்டு மட்டம் தட்டாதீர்கள். அவர் கைவேலையைச் சோதியுங்கள். தேறினால் சான்று கொடுங்கள். சான்றுக்கு ஏற்ற சம்பளம் கொடுங்கள். சம்பளம் உயர்த்தாத சான்றிதழ் சுவரில் மாட்டும் காலண்டர்!

ஐந்தாவது: இழக்கிறவர்களுக்கு முன்கூட்டியே வழி. மெக்கானிக்குக்கு மாலைப் பட்டறை. நெய்வேலித் தொழிலாளிக்கு மாற்றுப் பயிற்சி. கதவை மூடுவதற்கு முன்னால், மூடிய பிறகல்ல.

இவை நடக்காத காரியமா? ஒரு தனிமனிதர், நாற்பது வயதுக்குள், தம் சொத்தைக் கொடுத்து ஒரு ஆய்வுக்கூடத்தையே இந்தப் பொட்டலுக்குக் கொண்டுவர முடிந்தது. கோடிக்கணக்கான மக்களின் வரிப்பணத்தைக் கையில் வைத்திருக்கும் அரசுகளால், அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பட்டறைக் கதவைத் திறக்க முடியாதா?

*

கழகத் தோழர்களுக்கும் ஒரு சொல். மேடை போட்டு முழங்கினால் மட்டும் போதாது.

உங்கள் கிளையில், உங்கள் தெருவில், பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? பட்டியல் எடுங்கள். ஐ.டி.ஐ. சேர்க்கை தொடங்கும் நாள் எது என்று அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாயிடம் கங்கைகொண்டான் கதையைச் சொல்லுங்கள். படிப்பகத்தில் நாளேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேனலும் பேட்டரியும் வையுங்கள்; தெரிந்த எலெக்ட்ரீஷியன் தோழரை அழைத்து, வாரம் ஒரு மாலை பாடம் நடத்தச் சொல்லுங்கள். அன்று நம் முன்னோர் படிப்பகத்தில் பத்திரிகையை உரக்கப் படித்தார்கள். எழுத்தறியாதவர் காதால் அரசியல் கற்றார். இன்று நாம் மின்சாரத்தை உரக்கப் படிப்போம்.

தொழிற்சங்கத் தோழர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். சூரிய மின் நிலையங்களில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களைத் தேடிப் போங்கள். சிதறிக் கிடக்கிறார்கள், மூன்று மாதத்துக்கு ஓர் ஊர். அவர்களைச் சேர்ப்பது கடினம்தான். நெல்மணியும் சிதறித்தான் கிடக்கும். பொறுக்கிச் சேர்த்தால்தான் பொங்கல்.

தேநீர்க் கடையில் கண்ட அந்தத் தம்பியிடம் பிரியும்போது கேட்டோம்: "உள்ளூரிலேயே முழுப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுத்தால் இருப்பீர்களா?"

"இருந்தா நான் ஏண்ணே கப்பல் ஏறுறேன்?" என்றார்.

அந்தக் காலத்தில் இந்தச் சீமையிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். முதல் வைத்திருந்தவர் லாபத்தோடு வந்து மாளிகை கட்டினார். முதல் இல்லாதவர் உழைப்பை விற்கப் போய், பலர் திரும்பவே இல்லை. அந்தக் கணக்கைத் திருத்தும் வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. கடல் கடக்க வேண்டாம். சூரியன் நம் தலைக்கு மேலே இருக்கிறது. அதைக் காய்ச்சி மின்சாரமாக்கும் வித்தை கல்லூரிச் சாலையில் இருக்கிறது. நடுவே இருப்பது ஒரு கதவு.

மாளிகை கட்டிய கொத்தனாரின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. இந்த ஒளி மாளிகையைக் கட்டுகிறவர்களின் பெயரையாவது எழுதுவோம் – தேர்ச்சிச் சான்றிதழில், நிரந்தர வேலைப் பதிவேட்டில், சம்பளப் பட்டியலில்!

விளக்கு நம் வீட்டில் எரிகிறது. வித்தையும் நம் கைக்கு வரட்டும்!